கடைசி ஆயிரம் பதிவு மட்டும் போதும் என்றால் டேபிளுக்கு எப்படி வரம்பு போடுவது?

ஐஸ்கிரீம் வைக்கும் ஒரு குளிர்கிடங்கில் வெப்பநிலையைப் பதிவு செய்ய ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை மாட்டியிருந்தேன். பத்து விநாடிக்கு ஒரு முறை அளவு எடுத்து எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ்) டேபிளில் ஒரு வரி எழுதும். சென்சார் பதில் தராவிட்டால் பிழைகளுக்கென்று இருக்கும் தனி டேபிளில் ஒரு வரி ஏறும். அந்தப் பிழை டேபிள் வளர்ந்துகொண்டே போகக் கூடாது என்று கடைசி 5,000 பதிவுகள் மட்டும் இருக்கும்படி செய்திருந்தேன்.

ஒரு நாள் ராத்திரி சென்சார் ஒயர் லூசாகி, மறுபடி மறுபடி முயன்றதில் விநாடிக்கு ஒரு பிழை ஏற ஆரம்பித்தது. 5,000 விநாடி என்பது 83 நிமிடம். காலையில் மெக்கானிக் வந்து "முதல்ல என்ன காட்டுச்சு?" என்று கேட்டபோது, டேபிளில் இருந்த 5,000 வரியிலும் ஒரே வாசகம்தான். கோளாறு தொடங்கிய அந்த முதல் நிமிடத்தின் பதிவுகள் விடிவதற்கு வெகு நேரம் முன்பே அழிந்துவிட்டன. கம்ப்ரசர் முதலில் நின்றதா, ஒயர் முதலில் கழன்றதா என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வரம்பு சொன்னபடி சரியாகத்தான் வேலை செய்தது. அங்கே போடக் கூடாத வரம்பு அது.

அதனால் யாராவது "டேபிளில் கடைசி ஆயிரம் மட்டும் வைக்க எது நல்ல வழி?" என்று கேட்டால், எதற்காக என்றுதான் முதலில் கேட்கிறேன். பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. திரையில் கடைசி ஆயிரம் தெரிந்தால் போதும். இல்லையென்றால் டிஸ்க் நிரம்பிவிடும் என்ற பயம். இல்லையென்றால் பழைய விவரம் நம்மிடம் இருக்கவே கூடாது. வாடிக்கையாளரின் தேடல் வரலாறு அப்படிப்பட்டது.

மூன்றாவதுதான் உங்கள் காரணம் என்றால் எண்ணிக்கை வரம்பு உங்களுக்கு உதவாது. ஆயிரம் பதிவு என்பது சுறுசுறுப்பான கணக்கில் ஒரு வாரம், சும்மா கிடக்கும் கணக்கில் ஐந்து வருடம். உங்களுக்கு வேண்டியது நாள் கணக்கு: 90 நாள் தாண்டியதை அழி என்பது போல. அழித்த பிறகும் எஸ்கியூலைட் கோப்பின் காலிப் பக்கங்களில் பழைய எழுத்துகள் அப்படியே கிடக்கலாம். செக்யூர் டெலீட் என்ற அமைப்பு ஆனில் இருந்தால்தான் அந்த இடத்தில் பூஜ்ஜியம் எழுதும். பேக்கப்பில் இருப்பதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மீதி இரண்டு காரணங்களுக்குத்தான் கீழே வருவதெல்லாம்.

அழிக்காமலே விடுவது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனால் பாதிப் பேருக்கு இதுதான் சரியான விடை என்று நான் நினைக்கிறேன்.

குளிர்கிடங்கின் வெப்பநிலை டேபிளையே எடுத்துக்கொள்வோம். பத்து விநாடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 8,640 வரி, வருடத்துக்குச் சுமார் 31.5 லட்சம். கேட்க மலைப்பாக இருக்கும். ஒரு வரியில் இருப்பது ஐடி (வரிக்கு வரி ஏறும் எண்), நேரம், வெப்பநிலை, மூன்றே எண்கள். எஸ்கியூலைட்டில் அது 25, 30 பைட்டுக்குள் அடங்கும். ஆக, ஒரு முழு வருடத்துக்கு 100 எம்பி கூட வராது. அந்தக் கருவியில் இருப்பதோ 32 ஜிபி மெமரி கார்டு. இதற்கு ஏன் டெலீட் எழுத வேண்டும்?

"டேபிள் பெரிதானால் குவெரி மெதுவாகிவிடுமே" என்பார்கள்; குவெரி என்பது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி. ஐடியை இறங்குவரிசையில் வைத்து முதல் ஆயிரம் எடு என்று கேட்டால், டேட்டாபேஸ் முதன்மைச் சாவியான ஐடிக்கு வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் மரத்தில் கடைசி ஓரத்துக்குப் போய் ஆயிரம் வரி படித்துவிட்டு நின்றுவிடும். டேபிளில் மூவாயிரம் வரி இருந்தாலும் மூன்று கோடி இருந்தாலும் படிப்பது அதே ஆயிரம்தான். இண்டெக்ஸ் (இப்படி அடுக்கி வைத்த தேடல் பட்டியல்) இல்லாத நெடுவரிசையில் வரிசைப்படுத்தினால்தான் முழு டேபிளையும் புரட்டும். இன்னொன்று, 'மொத்தம் இத்தனை பதிவுகள்' என்று திரையில் காட்டாதீர்கள். எஸ்கியூலைட்டும், போஸ்ட்கிரெஸ் என்ற சர்வர் டேட்டாபேஸும் அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்திருப்பதில்லை, ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் சொல்லும்.

பேப்பரில் இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். போட்டுப் பார்த்து, பத்து வருடத்துக்குத் தாங்கும் என்று வந்தால் அதோடு விட்டுவிடலாம். தாங்காது என்று வந்தால்தான் மேலே படிக்க வேண்டும்.

டிரிகர்

நினைத்தவுடன் கைக்கு வருவது இதுதான்: டேபிளில் வரி ஏறும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கட்டளை. ஒரு வரி உள்ளே வந்தால் ஒரு பழைய வரி வெளியே போக வேண்டும். எழுதும் புரோகிராம் எதுவாக இருந்தாலும் விதி டேபிளோடு ஒட்டியே இருக்கும், யாரும் மறக்க முடியாது. அது உண்மையான பலம்.

எழுதும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். 'கடைசி ஆயிரம் ஐடிக்குள் வராததை எல்லாம் அழி' என்று எழுதினால், ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் (புது வரி சேர்ப்பதற்கும்) ஆயிரம் ஐடி கொண்ட பட்டியல் ஒன்று புதிதாகத் தயாராகி, அதோடு டேபிள் முழுவதையும் ஒப்பிட வேண்டியிருக்கும். அதற்குப் பதில் 'புதிய ஐடியிலிருந்து 1,000 கழி. அந்த எண்ணையும் அதற்குக் கீழே இருப்பதையும் அழி' என்று எழுதலாம். 4,501 வந்தால் 3,501 போகும். சாவியைக் கொண்டே தேடுவதால் வேலை மிகக் குறைவு.

இந்தக் கழித்தல் கணக்கு, ஐடி விட்டுப்போகாமல் வரும் என்று நம்புகிறது. போஸ்ட்கிரெஸில் அந்த நம்பிக்கை செல்லாது. ஒரு டிரான்சாக்ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுதி) ரோல்பேக் ஆனால், அதாவது பாதியில் கைவிடப்பட்டால், அது எடுத்த எண் திரும்பி வராது. நடுவில் 60 எண் வீணாகியிருந்தால் டேபிளில் 940 வரிதான் இருக்கும். சரியாக ஆயிரம் வேண்டும் என்றால், பின்னாலிருந்து எண்ணி ஆயிரமாவது ஐடி எது என்று முதலில் கண்டுபிடித்து, அதற்குக் கீழே உள்ளதை அழிக்க வேண்டும். இறங்குவரிசையில் 999 வரியைத் தாண்டி ஒன்றை எடு என்று கேட்டால் அது கிடைத்துவிடும். ஒவ்வொரு இன்சர்ட்டிலும் செய்ய இது கொஞ்சம் கனம்.

ஒரே நேரத்தில் பல பேர் எழுதும் டேபிளில் இன்னொரு சிக்கல் வரும். ஒருவர் 4,501 எழுதி 3,501ஐ அழித்திருக்கிறார், இன்னும் கமிட் செய்யவில்லை, அதாவது மாற்றத்தை உறுதியாக்கவில்லை. அடுத்தவர் 4,502 எழுதுகிறார். அவருடைய டெலீட்டும் 3,501ஐத் தொடப் பார்க்கும், பூட்டியிருக்கும், காத்து நிற்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இன்சர்ட்டுகள் இப்படி வரிசையில் நிற்க ஆரம்பித்துவிடும். கூட்டம் அதிகமான டேபிளுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் இந்த வழியை யோசிக்கவே தேவையில்லை. டிரிகரைக் கிளப்பிய டேபிளையே அந்த டிரிகருக்குள் மாற்ற அது விடாது, 1442 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும்.

அவ்வப்போது கூட்டிப் பெருக்குவது

நான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது இதைத்தான். 'சரியாக 1,000' என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தி, 1,200 வரை வளர விட்டு, மறுபடி ஆயிரத்துக்கு வெட்டுவது. பார்ப்பவர்களுக்கு எப்போதும் சரியாக ஆயிரம்தான் தெரிய வேண்டும் என்றால், கடைசி ஆயிரத்தைத் தரும் ஒரு வியூ (பெயர் வைத்துச் சேமித்த குவெரி) செய்து புரோகிராம்களை அதிலிருந்து படிக்கச் சொல்லலாம். துல்லியத்தை வியூ பார்த்துக்கொள்ளும், டிஸ்க்கை இந்தக் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே டெலீட் மேல் ஏற்றுவதால்தான் பலரும் தேவையில்லாமல் சிரமப்படுகிறார்கள்.

யார் பெருக்குவது? கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) போடலாம், மைஎஸ்கியூஎல்லில் அதன் சொந்த ஈவென்ட்டாக வைக்கலாம். கிரானில் எனக்குப் பிடிக்காதது, அது நின்றுபோனால் சத்தமே வராது. சர்வர் மாற்றும்போது கிரான் வரியை எடுத்துவர மறந்துவிட்டு, டிஸ்க் நிரம்பிய பிறகு தெரிந்துகொள்வது நடக்கிற கதைதான். அதனால் எஸ்கியூலைட்டில் நான் செய்வது டிரிகருக்கும் இப்படிப் பெருக்குவதற்கும் நடுவில் ஒன்று. டிரிகரில் 'எப்போது' என்ற நிபந்தனை வைக்கலாம்: புதிய ஐடி 100ஆல் மீதியின்றி வகுபட்டால் மட்டும் அழி. நூறு இன்சர்ட்டில் 99 எந்தச் சுமையும் இல்லாமல் போகும், நூறாவது மட்டும் நூறு வரியைத் துடைக்கும். தனியாகக் கிரான் வேண்டாம், யாரும் மறக்கவும் முடியாது. போஸ்ட்கிரெஸ் டிரிகரிலும் இதே நிபந்தனை உண்டு.

அழிக்கும் கட்டளை டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறும். மைஎஸ்கியூஎல்லில் வரிசையும் வரம்பும் சேர்த்து 'பழையதில் 500 அழி' என்று டெலீட்டிலேயே சொல்லலாம். போஸ்ட்கிரெஸில் அது இல்லை. எஸ்கியூலைட்டில் கம்பைல் செய்யும்போதே அந்த வசதியைச் சேர்த்திருந்தால்தான் உண்டு. எல்லை ஐடியை முதலில் படித்து, அதற்குக் கீழே அழி என்று இரண்டு படியாக எழுதினால் எல்லா இடத்திலும் ஓடும். ஏற்கெனவே லட்சக்கணக்கில் வளர்ந்துவிட்ட டேபிளில் முதல் முறை அழிக்கும்போது மட்டும் ஐயாயிரம், பத்தாயிரமாகப் பிரித்து அழித்து, ஒவ்வொன்றுக்கும் கமிட் செய்யுங்கள்.

போஸ்ட்கிரெஸில் அழித்த வரி உடனே போய்விடாது. செத்த வரியாக அங்கேயே கிடக்கும், பிறகு ஆட்டோவேக்கம் என்ற தானியங்கித் துப்புரவு வந்து அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தத் தரும். இயல்பான அமைப்பில் செத்த வரிகள் டேபிளின் 20 சதவீதத்தையும் இன்னொரு 50ஐயும் தாண்டும்போது அது வேலைக்கு வரும். ஆயிரம் வரி டேபிளுக்கு 250. ஒழுங்காக ஓடினால் பிரச்சினையே இல்லை. ஆனால் அதே டேட்டாபேஸில் யாரோ காலையில் திறந்த டிரான்சாக்ஷனை மூடாமல் சாப்பிடப் போய்விட்டால், அவருக்குத் தெரியக்கூடும் என்று எண்ணி வேக்கம் அதற்குப் பிறகு செத்த எதையும் தொடாது. 'ஆயிரம் வரி டேபிள்தானே, ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?' என்று யாராவது கேட்டால் நான் முதலில் தேடுவது இப்படித் திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷனைத்தான்.

எஸ்கியூலைட்டிலும் டெலீட் செய்தால் கோப்பு சுருங்காது. காலியான பக்கங்கள் பட்டியலில் சேர்ந்து அடுத்த இன்சர்ட்டுக்குப் பயன்படும். வரம்பு போட்ட டேபிளுக்கு அதுவே போதும், ஒவ்வொரு முறையும் வேக்கம் (இங்கே கோப்பு முழுவதையும் மறுபடி எழுதும் கட்டளை) ஓட்டிக் கார்டைத் தேய்க்காதீர்கள்.

'பழையது' என்பதை நேரத்தை வைத்து முடிவு செய்யலாமா? கருவிகளில் வேண்டாம். ராஸ்பெர்ரி பையின் 5க்கு முந்தைய மாடல்களில் கடிகாரச் சிப் கிடையாது. கரண்ட் போய் வந்தால், நெட்வொர்க்கிலிருந்து நேரம் கிடைக்கும் வரை அது பழைய நேரத்தில்தான் ஓடும். அப்போது எழுதிய புதிய பதிவுகளுக்குப் பழைய நேரம் விழும், நேரத்தை வைத்துப் பெருக்கினால் முதலில் போவது அவைதான். ஐடியை நம்புங்கள்.

வட்டமாகச் சுற்றுவது

ஆயிரம் இடங்களை முன்பே ஒதுக்கிவிட்டு, வரிசை எண்ணை ஆயிரத்தால் வகுத்து வரும் மீதியில் எழுதுவது. 2,600ஆவது பதிவு 600ஆம் இடத்தில் உட்காரும், அங்கே இருந்த 1,600ஆவது போய்விடும். அழித்தல் என்ற வேலையே இல்லை. டேபிள் ஆயிரத்தைத் தாண்டவே முடியாது என்பது இதில் மட்டும்தான் உறுதி.

டோபி ஓட்டிக்கர் 1999இல் வெளியிட்ட ஆர்ஆர்டிடூல் என்ற அளவுப் பதிவுக் கருவி இந்த வட்டத்தை வைத்துத்தான் நிற்கிறது. கோப்பை உருவாக்கும்போதே அதன் அளவு முடிவாகிவிடும், எத்தனை வருடம் ஓடினாலும் அதே அளவுதான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பழைய அளவுகளைத் தூக்கி எறியாமல் சராசரியாகச் சுருக்கி இன்னொரு வட்டத்தில் வைப்பது. நேற்றைய அளவு நிமிடத்துக்கு நிமிடம் இருக்கும், போன வருடத்தினுடையது நாளுக்கு ஒன்றாக இருக்கும். அளவுகளைப் பதிவு செய்பவர்கள் வரம்பு போடும் முன் இந்த யோசனையை ஒரு முறை பார்க்க வேண்டும்.

சாதாரண டேபிளில் நாமே இந்த வட்டத்தைக் கட்டினால் ஒரு பொறி இருக்கிறது. வரம்பை மாற்றிப் பாருங்கள். 2,600 வரை எழுதியாயிற்று, இப்போது ஆயிரத்தை 1,500 ஆக்குகிறோம். 2,601 போய் 1,101ஆம் இடத்தில் உட்காரும், நல்லது. 3,000 வரும்போது மீதி பூஜ்ஜியம், அங்கே இருப்பது 2,000ஆவது பதிவு; அது அழியும். ஆனால் அதைவிடப் பழைய 1,601, 601ஆம் இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும், 3,601 வரும்வரை. புதியது போய்ப் பழையது நிற்கும். வரம்பை மாற்றினால் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கத்தான் வேண்டும்.

வேறு டேபிள்கள் இந்த வரிகளைச் சுட்டினால் இன்னும் மோசம். 17ஆம் இடத்துக்கு எழுதிய குறிப்பு, நாளை அங்கே வந்து உட்காரும் வேறொரு பதிவின் குறிப்பாகிவிடும். பிழையே காட்டாது. அழிக்கும் வழிகளில் இந்த ஆபத்து இல்லை. அங்கே ஃபாரின் கீ (ஒரு டேபிளின் வரியை இன்னொன்றோடு பிணைக்கும் விதி) சத்தம் போடும், அல்லது குறிப்பையும் சேர்த்து அழிக்கும். போஸ்ட்கிரெஸில் வட்டம் கட்டி லாபமும் குறைவு, ஏனென்றால் அங்கே அப்டேட் என்றாலே பழைய வரியைச் சாக விட்டுப் புதிய வரி எழுதுவதுதான்.

கார்டு தேய்மானத்துக்குப் பயந்து வட்டத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று: எந்த வழியில் அழிக்கிறோம் என்பதைவிட எத்தனை முறை கமிட் செய்கிறோம் என்பதுதான் அங்கே பெரிய செலவு. ஆறு அளவுகளைக் கையில் வைத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் நாளைக்கு 8,640 கமிட் 1,440 ஆகிவிடும். கரண்ட் போனால் ஒரு நிமிட அளவு போகும், குளிர்கிடங்குக்கு அது பரவாயில்லை.

துண்டு துண்டாக வெட்டி எறிவது

வரம்பே கோடிக்கணக்கில் இருந்தால் வரி வரியாக அழிப்பது வீண். போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து பார்ட்டிஷன் டேபிள்களை, அதாவது துண்டுகளாகப் பிரித்த டேபிள்களை, நேரடியாக அறிவிக்கலாம். பத்து லட்சம் ஐடிக்கு ஒரு துண்டு வைத்து, பழைய துண்டை அப்படியே டிராப் செய்தால் செத்த வரியும் இல்லை, வேக்கமும் இல்லை, டிஸ்க் இடமும் உடனே திரும்பும். டிராப் செய்யத் தாய் டேபிளுக்கு முழுப் பூட்டு வேண்டும். ஒரு நீண்ட குவெரி ஓடிக்கொண்டிருந்தால் டிராப் அதற்காகக் காத்திருக்கும், பின்னால் வரும் எல்லாரும் டிராப்புக்காகக் காத்திருப்பார்கள். பூட்டுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டு ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் 14 என்றால் துண்டை அந்தப் பூட்டு இல்லாமலே முதலில் கழற்றலாம்.

சின்ன அளவில் இதையே இரண்டு டேபிளை வைத்துச் செய்யலாம். ஒன்று நிரம்பியதும் மற்றதைக் காலி செய்து அதில் எழுது, படிக்கும்போது இரண்டையும் சேர்த்துப் படி. லாக் கோப்புகளைச் சுழற்றுவது போலத்தான்.

மோங்கோடிபி என்ற டேட்டாபேஸ் வைத்திருந்தால் கேப்டு கலெக்ஷன் (வரம்பு போட்ட டேபிள் மாதிரி) தயாராகவே இருக்கிறது. அதன் பிரதிகளை ஒத்திசைக்கும் ஆப்லாக்கே அப்படிப்பட்டதுதான். பைட் அளவைக் கட்டாயம் சொல்ல வேண்டும், எண்ணிக்கை வரம்பு விருப்பம், எது முதலில் முட்டுகிறதோ அது வெட்டும். ஷார்டு செய்ய, அதாவது பல சர்வர்களில் பிரித்து வைக்க, முடியாது. நினைவகத்தில் ஓடும் டேட்டாபேஸான ரெடிஸில் பட்டியலின் தலையில் சேர்த்துவிட்டு டிரிம் செய்தால் இரண்டு கட்டளையில் முடிந்துவிடும். ஏற்கெனவே இவை உங்களிடம் ஓடினால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இந்த ஒரு டேபிளுக்காக மட்டும் புதிய டேட்டாபேஸ் ஒன்றைக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன், அதையும் யாராவது ராத்திரி எழுந்து பார்க்க வேண்டும்.

ஆளுக்கு ஐம்பது

கடை ஆப்பில் 'சமீபத்தில் பார்த்தவை' மாதிரி, ஒவ்வொருவருக்கும் கடைசி 50 என்றால் மேலே சொன்னதில் பாதி கைகொடுக்காது. ஐடியிலிருந்து ஐம்பதைக் கழிப்பதில் அர்த்தமில்லை, நடுவில் மற்றவர்களின் பதிவுகள் கலந்திருக்கும். ஒருவர் நூறு முறை பார்ப்பார், இன்னொருவர் வருடத்துக்கு இரண்டு முறை வருவார். துண்டு வெட்டி எறிந்தால் இரண்டாமவருக்கு எதுவும் மிஞ்சாது.

இங்கே நான் செய்வது: பயனர், பொருள் இரண்டும் சேர்ந்து தனித்துவம், அதே பொருளை மறுபடி பார்த்தால் புது வரி வேண்டாம், பார்த்த நேரத்தை மட்டும் புதுப்பிக்க வேண்டும். எழுதுவது சர்வர் என்பதால் இங்கே நேரத்தை நம்பலாம். பயனர், நேரம் என்ற வரிசையில் ஒரு இண்டெக்ஸ். எழுதும்போது அந்த ஒரு பயனருக்கு மட்டும் ஐம்பதாவது எது என்று பார்த்து அதற்குப் பழையதை அழிப்பது. ராத்திரி வேலையில் எல்லாருக்கும் வரிசை எண் போட்டு ஐம்பதுக்கு மேல் உள்ளதை அழிக்கலாம்தான், ஆனால் அன்றைக்கு ஒன்றுமே பார்க்காதவர்களின் வரிகளையும் அது வீணாகப் புரட்டும். அப்புறம், இரண்டு லட்சம் பேருக்கு ஆளுக்கு 50 என்றால் ஒரு கோடி வரி. வரம்பு போட்டாயிற்று என்பதால் டேபிள் சின்னது என்று ஆகிவிடாது.

குளிர்கிடங்கில் கடைசியில் வெப்பநிலை டேபிளுக்கு வரம்பே வைக்கவில்லை, கணக்குப்படி அதற்குத் தேவை இல்லை. பிழை டேபிளில் ஐயாயிரம் வரம்பு இன்னும் இருக்கிறது, நூறுக்கு ஒரு முறை துடைக்கும் டிரிகரோடு. ஆனால் எழுதும் விதத்தை மாற்றினேன். ஒரே பிழை அடுத்தடுத்து வந்தால் புது வரி ஏறாது. கடைசி வரியிலேயே எண்ணிக்கை கூடும், கடைசி நேரம் மாறும், முதல் நேரம் அப்படியே நிற்கும். இப்போது அந்த ஒயர் ராத்திரி முழுக்க ஆடினாலும் ஏறுவது ஒரே வரி. அதற்கு மேல் வரியில் கம்ப்ரசர் எப்போது நின்றது என்பது இருக்கும்.